காலி வட்டங்கள்

அந்த மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வார்டு நர்ஸுகள் வைத்த பெயர் ‘மறுபடி’. பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தம் வந்த குழாய் பாதிதான் நிரம்பியிருக்கிறதா, மறுபடி. ரத்தம் உறைந்துபோய் வந்திருக்கிறதா, மறுபடி. குழாயில் ஒட்டிய சீட்டில் ஒரு பெயரும் கூட வந்த தாளில் இன்னொரு பெயரும் இருக்கிறதா, போனை எடுத்துச் சாந்தமாகச் சொல்வாள்: “மறுபடி எடுத்து அனுப்புங்க சிஸ்டர்.” நரம்பு கிடைக்காமல் கையிலும் காலிலும் குத்திப் பார்த்து, நோயாளியிடம் வசவும் வாங்கிக்கொண்டு வந்த நர்ஸுக்கு அந்தச் சொல் எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்வாள். புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் அதுதான் அவளுடைய சொந்தப் பெயர் என்று நம்பி, மாதக்கணக்கில் ‘மறுபடி அக்கா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ரத்தத்தில் ஏற்றிவிடுவார்கள்: பார்க்காததை எழுதாதே. சந்தேகமான எண் வந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடு. காலிக் கட்டத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, இன்னொரு தடவை ஊசி குத்துவார்கள், அவ்வளவுதான். தப்பான எண் ஆளையே கொண்டுபோய்விடும். மறுபடி தன் வேலைக்காலம் முழுக்க அந்தச் சட்டத்தோடு வாழ்ந்தவள்.

ஆனால் அவள் பார்த்து எழுதிய ஓர் அறிக்கையில்கூட அவள் கையெழுத்து கிடையாது. முதுகலைப் பட்டம் உள்ளவர்தான் கையெழுத்துப் போடலாம் என்பது விதி. அப்படிப்பட்டவர் அந்தக் கட்டடத்துக்கே ஒருவர். நல்ல மனிதர்தான். மாலையானால் அறிக்கைகளை மேஜையில் கட்டுக் கட்டாக அடுக்கிவைப்பார்கள். அவர் தேநீர் ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டு முடிப்பார். ஒரு மனிதர் எத்தனை காகிதத்தைத்தான் படிப்பார்? மைக்ரோஸ்கோப்பில் கண் பூத்துப் போகும்வரை பார்த்தவளின் பெயர் எங்குமே இல்லை, பார்க்காதவரின் பெயர் எல்லாத் தாளிலும் இருக்கிறது. இதற்கு நிர்வாகம் வைத்திருக்கும் பெயர் தர உறுதி. பார்க்காததை எழுதாதே என்ற சட்டம் கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தான் போலும்.

அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கையெழுத்து. சம்பளம் அதற்கு அப்புறம்தான். அதற்கு முதுகலை படிக்க வேண்டும், படிக்க மருத்துவமனை விடுப்புத் தர வேண்டும், விடுப்பு நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான். அவளுக்கு இதுதான் கடைசி வருடம். இந்த வருடம் நுழைவுத் தேர்வில் தேறினால் உண்டு, இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை அடுத்தவர் கையெழுத்துக்குக் காகிதம் அடுக்க வேண்டியதுதான்.

அந்த நுழைவுத் தேர்வில் நுண்ணுயிரி பற்றி ஒரு கேள்வி கிடையாது. ரத்தம் பற்றியும் கிடையாது. எல்லாப் பாடத்துக்கும் பொதுவான தேர்வு. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள், ஓட்டையுள்ள தொட்டி, வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரில் யாருக்கு யார் எதிரே என்ற வம்பு. நூறு கேள்வி, இரண்டு மணி நேரம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டம், ஒன்றைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. போன வருடம் அறுபதை ஒட்டி எடுத்தவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது பயிற்சி நிலையம். அதை நடத்துகிறவரை எல்லோரும் டைரக்டர் என்பார்கள். சனிக்கிழமை பிற்பகல் மாதிரித் தேர்வு, மறுநாள் காலையில் மதிப்பெண் வரிசை சுவரில் ஏறும். மேலே உள்ளவர்களுக்குப் புகைப்படத்தோடு வண்ணத் தாள். கீழே உள்ளவர்களுக்கு ‘முயற்சி தேவை’ என்று சிவப்புத் தலைப்பு. உட்காரும் இடமும் அந்த வரிசைப்படிதான். எழுதுபலகை வைத்த நாற்காலிகள் முன்னால் இருந்தன, பின்னால் வெறும் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதாவது, குறைவாக எடுத்தவர்கள் அடுத்த தேர்வை மடியில் அட்டை வைத்துக் குனிந்து எழுத வேண்டும், அதனால் இன்னும் குறைவாக எடுப்பார்கள், பிறகு அதுவே அவர்களுடைய தகுதிக்குச் சான்றாகச் சுவரில் ஏறும். இந்த ஏற்பாட்டை டைரக்டர் ‘ஊக்கம்’ என்று சொல்லிக்கொண்டார். உலகத்தில் பல ஏற்பாடுகள் இந்த மாதிரித்தான் நடக்கின்றன. இங்கே நாற்காலியாவது கண்ணுக்குத் தெரிந்தது.

முதல் தேர்வில் அவளுக்கு நாற்பத்து நான்கு. பழக்கம் விட்டுப்போச்சு என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டாவதில் நாற்பத்து மூன்று. மூன்றாவதில் நாற்பத்து ஒன்று. வேலை முடிந்து பேருந்தில் நின்றபடி ரயில் கணக்குப் போட்டாள், சாப்பாட்டு இடைவேளையில் சோறு காயக் காய வட்ட மேஜையில் எட்டுப் பேரை உட்கார வைத்தாள். படிக்கப் படிக்க மதிப்பெண் இறங்கியது. கைக் காசைப் போட்டு வாங்கிய அவமானம் மாதிரி இருந்தது.

நிலையத்தில் நினைவாற்றல் டானிக் என்று ஒன்று விற்றார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்கள் என்று டைரக்டர் சொல்ல, பின்வரிசை முழுக்க ஆளுக்கொரு பாட்டில் வாங்கியது. மறுபடி வாங்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் ஒரு மூடி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய், கூடத்தில் சர்க்கரை பார்க்கும் பட்டையை அதில் தோய்த்தாள். பட்டை கருத்துவிட்டது. அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம், “இதைக் குடிச்சா நினைவு வருமான்னு தெரியல, சர்க்கரை நோய் வர வாய்ப்பு இருக்கு” என்றாள். பின்வரிசை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தது. டைரக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

நான்காவது தேர்வில் மறுபடியும் நாற்பத்து மூன்று வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் அம்மாவின் விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, விடைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, நீ போட்டதே நாப்பத்தேழுதான். அதுல நாலுதான் தப்பு.”

“ம்.”

“மீதி அம்பத்து மூணு நீ தொடவே இல்ல.”

“தெரியல, விட்டுட்டேன்.”

“தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்கம்மா.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா விட்ட?” மகள் விரல் விட்டு எண்ணினாள். “நாலுல ஒண்ணுன்னு வெச்சாகூட, கண்ண மூடிட்டுப் போட்டிருந்தா இன்னும் பதிமூணு வந்திருக்கும்.”

மறுபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெரியாததற்கு எப்படிப் போடுவது என்று கேட்டாள். கேள்வி நிஜமாகவே கேட்கப்பட்டது. அவளுக்கு அது புரியவில்லை.

குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் கணவர் கை கழுவிக்கொண்டு வந்தார். அவர் அவள் படிப்புக்குக் குறுக்கே நிற்பவர் அல்ல. சனிக்கிழமைகளில் சமையல் அவருடையது, அதைப் பற்றி வீட்டில் யாரும் புகழ்ந்து பேசியதில்லை.

“இதுல என்ன இருக்கு? நான் மட்டும் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா வேலைக்குப் போறேன்? கேஸ் தீர்ந்திருக்கும்னு நெனச்சுப் போவேன், பாத்தா வேற ஏதாவது இருக்கும். ஒண்ண நெனச்சுத்தானே ஆரம்பிக்கணும்?”

“நீங்க போய்த் திறந்து பாக்கறீங்க. திறக்காமலே கேஸ் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டு வருவீங்களா?”

“கொடுக்க மாட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, உன்கிட்ட வாயக் கொடுத்தேன் பாரு.” அவர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் விடைத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, “நீ பெயில் ஆனா நேர்மைக்காகப் பெயில் ஆனேன்னு சொல்லிக்கலாம். ஆனா லிஸ்ட்ல அப்படிப் போட மாட்டாங்க” என்றாள். பதினான்கு வயதுக்கு அது சற்றுக் கூர்மையான பேச்சுதான். அம்மாவிடமிருந்து வந்தது.

இந்த இடத்தில் மறுபடியின் பக்கம் நின்று பேச ஆசையாகத்தான் இருக்கிறது. ஊகத்துக்குப் பரிசு கொடுத்து, தெரியாததைத் தெரியாது என்று விட்டவரைத் தண்டிக்கிற தேர்வு ஒரு தேர்வா? பின்வரிசையில் இருந்தவர்களைவிட முன்வரிசையில் இருந்தவர்கள் அதிகம் அறிந்தவர்களா, அதிகம் துணிந்தவர்களா என்று அந்தச் சுவர் எப்போதாவது சொல்லியிருக்கிறதா? ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். டானிக்கைப் பார்த்துச் சிரித்தவளும் ஒரு மூடநம்பிக்கையைத்தான் சுமந்துகொண்டு போனாள். கூடத்துச் சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது: தப்பான எண்ணுக்குப் பின்னால் ஒரு படுக்கையில் ஒரு நோயாளி இருக்கிறார். செருப்புக் கடை மாடியில் நோயாளி யாரும் இல்லை. காரணத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் சடங்கு. அவள் அதைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. களைப்பு மனிதரைக் கேள்வி கேட்க விடாது.

அடுத்த வாரம் டைரக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேடம், வயசு கூடக்கூட வேகம் குறையறது இயற்கைதான், நீங்க அடுத்த வருஷ வகுப்புக்கு மாறிக்கலாமே என்று ஆரம்பித்தார். பின்வரிசைக்காரர்கள் தேர்வு எழுதித் தோற்றால் நிலையத்தின் தேர்ச்சி விகிதம் இறங்கும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அது மேஜையில் கிடந்தது.

“எனக்கு அடுத்த வருஷம் கிடையாது சார்.”

“அப்போ எதுக்கு மேடம் வீணாக் கஷ்டப்படறீங்க?”

அவள் எழுந்து வந்துவிட்டாள். அன்றைக்கு மாதிரித் தேர்வும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து, வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் ஒரு காலுக்குக் கீழே பயிற்சிப் புத்தகத்தைச் செருகினாள். தடிமன் கச்சிதமாக இருந்தது. மகள் பார்த்தாள், கணவர் பார்த்தார். பேருந்தில் இப்போது ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள். பார்க்க ஒன்றும் இல்லை. அதே கடைகள், அதே தூசி.

அப்படி இரண்டு வாரம் ஓடியிருக்கும். ஒரு பிற்பகலில் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு சிறு குழாய் வந்தது. கடுங்காய்ச்சலில் கழுத்து விறைத்துப்போன ஒரு குழந்தையின் முதுகுத்தண்டு நீர். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டியது, கழுநீர் மாதிரிக் கலங்கியிருந்தது. அதைக் கிருமி வளர்க்கும் தட்டில் இட்டு மூடினாள். எந்தக் கிருமி என்று அது வளர்ந்து சொல்ல இரண்டு நாள் ஆகும். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிருமியின் வகையை ஊதா, சிவப்பு என்று பிரித்துக் காட்டும் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். அதற்குள் போன் அடித்தது. குழந்தைகள் வார்டுத் தலைமை நர்ஸ்.

“என்னம்மா மறுபடி, என்ன தெரியுது?”

“இன்னும் வளரணும் சிஸ்டர். பேரு நாளன்னிக்குத்தான் சொல்ல முடியும்.”

“நாளன்னிக்கு வரைக்கும் புள்ளை தாங்காது. டாக்டர் மருந்து ஏத்தியாச்சு, அது போதுமா, கூட ஒண்ணு சேக்கணுமான்னு நிக்கறார். பேரு யாரு கேட்டா? கண்ணுக்குத் தெரியறத சொல்லு.”

அவள் கண்ணை வைத்துப் பார்த்தாள். “ஊதா. உருண்டை. ஜோடி ஜோடியா இருக்கு.”

“சிவப்பு?”

“சிவப்பு இல்ல. குச்சி மாதிரியும் எதுவும் இல்ல.”

“ரெண்டு வகை போச்சு. போதும், வை.”

அவள் தாளை எடுத்து, பார்த்ததை எழுதி, மேலே ‘முதற்கட்ட அறிக்கை, முடிவு அல்ல’ என்று குறித்தாள். வருடக்கணக்காக எழுதிவரும் வாசகம். எத்தனை நூறு தடவை எழுதியிருப்பாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனவள், மூடாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழுதும் தெரியாமலே, பொய்யும் சொல்லாமல், அவள் இத்தனை காலமும் விடை எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எது இல்லை என்று தெரிவதும் ஓர் அறிவுதான். நான்கு வட்டத்தில் இரண்டைத் தள்ளிவிட்டால், மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றைத் தொடுவது பொய் ஆகாது. அது முதற்கட்ட அறிக்கை.

அன்று மாலை தையல் மெஷினின் கால் மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது டைரக்டரின் விளம்பரத் தாள் ஆகிவிடும். அடுத்த தேர்வில் அவளுக்கு முப்பத்தெட்டு. ஒவ்வொரு கேள்வியிலும் எது இல்லை என்று நிதானமாகத் தள்ளிக்கொண்டிருந்ததில் பாதித் தாளோடு மணி அடித்துவிட்டது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு வழி பண்ணினார்கள். தெரிந்ததை முதல் சுற்றில், பாதி தெரிந்ததை இரண்டாம் சுற்றில். தொட்டிக் கணக்கைக் கையால் தொடுவதே இல்லை. பிறகு நாற்பத்தொன்பது வந்தது. பிறகு நாற்பத்தேழு. பிறகு ஐம்பத்து மூன்று. ஒரு வாரம் சளி பிடித்து ஐம்பது. தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை ஐம்பத்தெட்டு. சுவரில் அவள் பெயர் சிவப்புத் தலைப்புக்கு மேலே ஏறியது, எழுதுபலகை நாற்காலியும் கிடைத்தது. அதன் பலகை உடைந்திருந்தது.

ஐம்பத்தெட்டு போதாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணவர், தேர்வன்று காலையில் அவளை வண்டியில் இறக்கிவிட்டபோது, “வந்தா வருது, போனா போகுது” என்றார். பிறகு அது சரியாக இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும், “வரணும்” என்று சேர்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

பெரிய கூடம், இரும்பு மேஜைகள், தலைக்கு மேலே கிறீச்சென்று சுற்றும் விசிறி. முதல் சுற்று முடிந்தது, இரண்டாவது சுற்று முடிந்தது. கடைசி ஐந்து நிமிடம் என்று கண்காணிப்பாளர் குரல் கொடுத்தபோது ஒன்பது கேள்விகள் மிச்சம் இருந்தன. அந்த ஒன்பதையும் அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. படித்துத் தள்ள நேரம் இல்லை. இது முதற்கட்ட அறிக்கை ஆகாது. குழாயையே திறக்காமல் எண் போடுவது.

சுற்றிலும் பென்சில்கள் மழை மாதிரிச் சடசடவென்று ஓடுவது கேட்டது. யாரும் கேள்வித்தாளைப் பார்க்கவில்லை. அவள் பென்சிலை மேஜையில் வைத்தாள். தன் வாழ்க்கையில் பார்க்காமல் ஒன்றும் எழுதியதில்லை. பார்க்காமல் போடப்பட்ட கையெழுத்துகளின் கட்டு ஒன்று மனதில் வந்தது, பக்கத்தில் ஆறாத தேநீரோடு. அந்த இடத்துக்குப் போவதற்கான வாசலிலேயே அதே வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். செய்யாவிட்டால் அந்தக் கட்டு அப்படியே இருக்கும், பார்க்காமல் போடும் கையும் அப்படியே இருக்கும்.

இங்கே யாரும் சாகப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பென்சிலை எடுத்தாள். ஒன்பதிலும் மூன்றாவது வட்டத்தை, ஒரே நெடுக்காக, மேலிருந்து கீழே, நிரப்பினாள். கோடு வெளியே போகாமல் சுத்தமாக நிரப்பினாள். மணி அடித்தது. வெளியே வந்ததும் குழாயடியில் முழங்கைவரை தேய்த்துக் கையைக் கழுவினாள். பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்ததும் கழுவுகிற மாதிரி. பழக்கம்தான், வேறொன்றும் இல்லை என்று பிறகு மகளிடம் சொன்னாள். மகள் நம்பவில்லை.

முடிவு வெளிவந்த நாளில் அவளுக்குப் பகல் வேலை. மேஜையில் குழாய்கள் வரிசைகட்டி நின்றன. மகளிடமிருந்து போன் வந்தபோது கையுறையைக் கழற்றவே பொறுமையில்லாமல் முழங்கையால் பொத்தானை அழுத்தினாள்.

“அம்மா, அறுபத்தொண்ணு.”

“போதுமா?”

“அறுபதுல நிறுத்திட்டாங்க. உனக்கு உண்டு.” பிறகு, “அந்த ஒன்பதுல எத்தனம்மா சரியா இருந்திருக்கும்?” என்று கேட்டாள்.

“தெரியாது.”

அவளுக்கு அது எப்போதும் தெரியப்போவதில்லை. இரண்டு தவறியிருந்தால் இந்த இடம் வேறு யாருக்கோ. அறுபதுக்குக் கீழே நின்றுபோனவர்களில், தெரியாததைத் தெரியாது என்று நேர்மையாகக் காலியாக விட்டவர்கள் எத்தனை பேரோ, அதையும் எந்தச் சுவரும் சொல்லாது. மதிப்பெண் சொல்லும், அவர்களுக்குத் தகுதி இல்லை என்று. நாமும் தலையாட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டும். அரைச் சம்பளம், இரண்டு பேருந்து, தன் மகளைவிடச் சற்றே பெரிய பிள்ளைகளோடு ஒரே பெஞ்சு. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, அதற்கு முதலில் கொஞ்சம் உட்கார வேண்டும் போல் இருந்தது. ஸ்டூலை இழுத்தாள். அதற்குள் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் டெக்னீஷியன் ஒரு குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரத்தம் லேசாக உறைந்திருந்தது. ஓர் ஓரமாகத் திரி மாதிரிக் கட்டி.

“அக்கா, வார்டுல ரெண்டாவது தடவை எடுத்து அனுப்பியிருக்காங்க. சிஸ்டர் ஏற்கெனவே கடுகடுன்னு இருக்காங்க. இத எப்படியாவது ஓட்டிடலாமா? எண்ணு வந்துரும்.”

அவள் குழாயை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள். எண் வரும். எந்த இயந்திரமும் ஏதாவது ஓர் எண்ணைத் தந்துவிடும். குழாயை ஓரமாக வைத்துவிட்டு, வார்டுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் எடுத்ததும், அவள் வாயைத் திறக்கும் முன்பே, தலைமை நர்ஸ் சலித்த குரலில் சொன்னார்:

“சொல்லாதே. தெரியும்.”

“ஆமா சிஸ்டர்” என்றாள். “மறுபடி.”